கனக்கும் ஸ்டீயரிங்குக்கு எலெக்ட்ரிக் உதவி: பழைய ஜிப்ஸி, ஜீப் வைத்திருப்போருக்குப் பதில்கள்

பெங்களூரு வாசகர்களின் கடிதங்களில் இந்த முறை ஒரே பேச்சு. வண்டி பழசு, மலையேறப் பிரமாதம். ஆனால் சில்க் போர்டு நெரிசலிலும் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டிலும் கை விட்டுப்போகிறது. எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் மாட்டலாமா? எங்கள் தொழில்நுட்பக் குழுவின் பதில்கள் இதோ.

கேள்வி: 2003 ஜிப்ஸி கிங் வைத்திருக்கிறேன். 235/75 ஆர்15 டயர் போட்டதிலிருந்து நின்ற இடத்தில் திருப்பவே முடியவில்லை. மாருதி காரிலிருந்து பவர் ஸ்டீயரிங் யூனிட்டை எடுத்து மாட்டிவிடலாம் என்கிறார் மெக்கானிக். சரிதானா? – அல்சூர் வாசகர்

பதில்: மாட்டலாம். ஆனால் அது கடைசி வேலை. முதலில் எங்கே கனக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, பிட்மேன் ஆர்மிலிருந்து (ஸ்டீயரிங் பாக்ஸின் வெளிக் கை) டிராக் லிங்கைக் (அங்கிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) கழற்றிவிடுங்கள். இப்போது ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சுற்றினால் ஸ்டீயரிங் பாக்ஸும் (கியர் பெட்டி), வீலிலிருந்து அதற்கு இறங்கும் ராடும் மட்டும்தான் கையில் தெரியும். நடு இடத்தில் இறுக்கிப் பிடித்தால், யாரோ ஆட்டத்தைக் குறைக்கப் பாக்ஸின் அட்ஜஸ்ட்மென்ட் ஸ்குரூவை அளவுக்கு மேல் முறுக்கியிருக்கிறார்கள். ஆட்டத்துக்குக் காரணம் டை ராடு எண்டாக (இரு சக்கரங்களையும் இணைக்கும் கம்பியின் முனை) இருக்கும்போதுகூட அந்த ஸ்குரூவில்தான் பல கைகள் போய் விழுகின்றன. பாக்ஸில் கியர் ஆயில் வற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து சக்கரங்களைக் கையால் திருப்புங்கள். கனமாக இருந்தால் நக்கிளுக்குள் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் மூட்டு) கிரீஸ் காய்ந்திருக்கும், அல்லது கிங் பின் (நக்கிள் திரும்பும் அச்சு) பேரிங்குக்கு ஷிம் (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடு) தவறாகப் போட்டிருப்பார்கள். ஆயில் சீலைக் கழற்றிவிட்டு, டை ராடு மாட்டும் ஓட்டையில் ஸ்பிரிங் தராசைக் கோத்து இழுங்கள். நக்கிள் அசையத் தொடங்கும்போது தராசு 1.0 முதல் 1.8 கிலோவுக்குள் காட்ட வேண்டும். அதற்கு மேல் போனால் இறுக்கம் அதிகம். கீழே இருந்தால் ஒரு குழியில் விழுந்ததும் முன்சக்கரம் படபடவென்று ஆடத் தொடங்கும். அந்த ஆட்டத்தை எந்த மோட்டாராலும் நிறுத்த முடியாது.

டயரைப் பற்றி ஒரு கணக்கு. கம்பெனி கொடுத்த 205/70 ஆர்15-ஐவிட உங்கள் டயர் 30 மி.மீ. அகலம், விட்டத்தில் சுமார் 65 மி.மீ. உயரம். கூடவே வெளியே துருத்தும் ரிம் போட்டிருந்தால், சக்கரம் திரும்பும் அச்சுக்கும் டயர் தரையைத் தொடும் நடுப்பகுதிக்கும் இடைவெளி கூடும். நின்ற இடத்தில் திருப்பும்போது டயரைத் தரையோடு தேய்த்து இழுக்கும் பளு அங்கிருந்துதான் வருகிறது. ரிம்மை மாற்றினாலே பாதிப் புகார் போய்விடும் வண்டிகள் உண்டு.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறோம் என்றால், எலெக்ட்ரிக் யூனிட் ராடின் மேல்பாதியில் உட்காருகிறது. ஹைட்ராலிக் வகையில் உதவி பாக்ஸுக்குள்ளேயே பிறக்கும். இங்கே மோட்டார் கொடுக்கும் முறுக்கு முழுவதும் பழைய பாக்ஸின் பற்கள், பிட்மேன் ஆர்ம், டிராக் லிங்க் வழியாகத்தான் கீழே போக வேண்டும். தேய்ந்த பாக்ஸ் இன்னும் வேகமாகத் தேயும். சேசிஸில் பாக்ஸை மாட்டிய இடத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் அது வாயைத் திறக்கும். மோட்டாரின் பியூஸைப் பிடுங்கிவிட்டு ஆள் நடக்கும் வேகத்தில் வண்டியைத் திருப்பிப் பாருங்கள். முடியவில்லையென்றால் அந்த வண்டி ரோட்டுக்குத் தயாராக இல்லை.

கேள்வி: சிவாஜிநகர் குஜரியில் (பழைய உதிரிபாகச் சந்தை) யூனிட்டுகள் குவிந்து கிடக்கின்றன. எதைப் பார்த்து எடுப்பது? – பிரேசர் டவுன் வாசகர்

பதில்: மோட்டார் ராடின் மேலேயே இருக்கும் வகைதான் வேண்டும். மோட்டார் கீழே ரேக்கோடு ஒட்டியிருக்கும் வகை ஜிப்ஸிக்கும் ஜீப்புக்கும் உதவாது. ஸ்விஃப்ட், வேகன்-ஆர், ஆல்டோ கே10 போன்ற சின்னக் கார்களின் யூனிட்டுகள் அளவில் பொருந்தும். இந்த வகை யூனிட்டுகளை ஜேடெக்ட் இந்தியா, ரானே (முன்பு ரானே என்.எஸ்.கே.) போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. முன்னாளில் சோனா கோயோ என்றிருந்ததுதான் இன்றைய ஜேடெக்ட் இந்தியா. பழைய யூனிட்டில் அந்தப் பெயரே ஒட்டியிருந்தால் குழம்ப வேண்டாம்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியது: ராடு, மோட்டார், கண்ட்ரோல் யூனிட் மூன்றும் ஒரே காரிலிருந்து வந்தவையா? இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ராடுக்குள் ஒரு மெல்லிய முறுக்குக் கம்பி இருக்கிறது. நீங்கள் திருப்பும்போது அது எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்பதை சென்சார் படித்து கண்ட்ரோல் யூனிட்டுக்குச் சொல்கிறது. அந்த சென்சாரின் பூஜ்யநிலை அதே கண்ட்ரோல் யூனிட்டில்தான் பதிந்திருக்கும். வேறு காரின் கண்ட்ரோல் யூனிட்டைச் சேர்த்தால் 'நடு' எது என்று அதற்குத் தெரியாது. பிளக்குகளை வயரோடு, குறைந்தது ஒரு சாண் நீளம் விட்டு வெட்டித் தரச் சொல்லுங்கள். பிளக் தனியாகத் தேடினால் கிடைப்பது குதிரைக் கொம்பு.

அடுத்தது கண்ட்ரோல் யூனிட்டின் பாஷை. சற்றுப் பழைய மாடல்களில் வண்டி வேகமும் எஞ்சின் சுழற்சியும் தனித்தனி வயரில் துடிப்புகளாக வரும். புதியவற்றில் எல்லாம் கேன் லைன் (காரின் கணினிகள் பேசிக்கொள்ளும் பொது வயர்) வழியே செய்தியாக வரும். இரண்டாவது வகை, காரின் மற்ற கணினிகளிடமிருந்து செய்தி வராவிட்டால் உதவியையே நிறுத்திவிடலாம். துடிப்பு வகையை எடுங்கள்.

வாங்குமுன் சோதனை. யூனிட்டை வைஸில் பிடித்து, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 60 ஆம்பியர் பியூஸ் வழியாகத் தடித்த பிளஸ்ஸும் எர்த்தும் கொடுங்கள். இக்னிஷன் வயருக்குத் தனியாக 12 வோல்ட். கீழ்முனையை ஒருவர் பைப் ரெஞ்சால் அழுத்திப் பிடிக்க, மேல்முனையில் ஸ்டீயரிங் வீலை மாட்டி மெதுவாகத் திருப்புங்கள். மோட்டார் தள்ளுவது இரு பக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். எஞ்சின் துடிப்பு இல்லாமல் சில யூனிட் எழுந்திருக்காது. அப்படியானால் துடிப்பு கொடுத்துப் பார்க்க ஒரு பெட்டி வேண்டும். விரலை ஸ்போக்குக்குள் விடாதீர்கள், சென்சார் கெட்டிருந்தால் வீல் தானாகவே சுழலும். பிறகு கரண்டை எடுத்துவிட்டு வெறும் கையால் சுற்றுங்கள்: ஒரே சீரான இழுவை சரி, இடையில் கடகடப்பு இருந்தால் உள்ளே மோட்டாரையும் ராடையும் இணைக்கும் வார்ம் கியர் தேய்ந்துவிட்டது. ஏர்பேக் வெடித்த காரின் யூனிட் என்றால், மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ராடு நசுங்கியிருக்கலாம்.

கேள்வி: ஐயா, இரண்டு ராடையும் வெட்டி நேருக்கு நேர் வெல்டிங் அடித்துவிடலாம், இரும்பு இரும்போடுதானே சேருகிறது என்கிறார்கள். மனசு ஒப்பவில்லை. – காமனஹள்ளி வாசகர்

பதில்: உங்கள் மனசு சொல்வது சரி. ஸ்டீயரிங் ராடில் முனையோடு முனை வைத்து அடித்த வெல்டிங் எங்கும் ஏற்கத்தக்கதல்ல. அது முறியும்போது முன்னறிவிப்பு இருக்காது.

முதல்தரமான வழி வெல்டிங்கே இல்லாதது. யூனிட்டின் கீழ்முனைப் பற்களுக்கும் ஜிப்ஸி பாக்ஸின் முனைப் பற்களுக்கும் பொருந்தும் யு.ஜே. கிராஸ் (ராடைக் கோணத்தில் இணைக்கும் யுனிவர்சல் ஜாயின்ட்) இரண்டையும் எடுத்து, நடுவில் ஒரு ராடை பீன்யா பக்கம் நல்ல லேத்தில் பற்கள் வெட்டி வாங்குவது. பற்களின் எண்ணிக்கையும் விட்டமும் ஒத்துப்போவதை நீங்களே எண்ணிப் பாருங்கள். 'கிட்டத்தட்ட உட்காருது' என்பது உட்காரவில்லை என்று அர்த்தம். சேர்த்தே ஆக வேண்டுமென்றால், இரண்டு முனைகளையும் இறுக்கமாக உள்வாங்கும் தடித்த ஸ்லீவ், ஒவ்வொரு பக்கமும் ராடின் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு நுழைவு, ஸ்லீவில் ஓட்டை போட்டு பிளக் வெல்டு, ஓரத்தில் சுற்று வெல்டு, அதுவும் டிக் (TIG) வெல்டிங் முறையில் தேர்ந்த கையால். யூனிட்டை வண்டியில் மாட்டி வைத்துக்கொண்டு வெல்டிங் செய்யவே கூடாது. கண்ட்ரோல் யூனிட் போய்விடும், சூட்டில் சென்சாரும் போகும்.

சுத்தியலும் வேண்டாம். யு.ஜே. ஏறவில்லை என்று ராடின் முனையில் நாலு தட்டு தட்டினால், உள்ளே இருக்கும் முறுக்குக் கம்பியும் சென்சாரும் அடி வாங்கும்.

யு.ஜே.யின் கோணத்தைக் கவனிக்காதவர்கள் நிறையப் பேர். ஒரே ஒரு யு.ஜே. 30 டிகிரியில் வேலை செய்தால், ஒரு சுற்றில் இரண்டு முறை வேகம் ஏறி இரண்டு முறை இறங்கும், ஏற்றமும் இறக்கமும் தலா சுமார் பதினைந்து சதவீதம். கையில் அது 'கனம், லேசு, கனம், லேசு' என்று தெரியும். சென்சாரும் குழம்பி மோட்டார் விட்டுவிட்டுத் தள்ளும். இரண்டு யு.ஜே. போட்டு, இரண்டும் ஏறக்குறைய ஒரே கோணத்தில், நடு ராடில் இருக்கும் இரண்டு கவைகளும் ஒரே தளத்தில் இருக்கும்படி கோத்தால் ஒன்றின் ஏற்றத்தை மற்றது சரிக்கட்டும். கோணம் தலா 30 டிகிரிக்குள் நிற்கட்டும். மூன்றாவது யு.ஜே. தேவைப்பட்டால் நடுவில் தாங்கு பேரிங் கட்டாயம்.

பிராக்கெட்டை 1 மி.மீ. டேஷ்போர்டு தகட்டில் மாட்டி முடிக்காதீர்கள். மோட்டார் ராடை ஒரு பக்கம் முறுக்கும்போது யூனிட்டின் உடல் அதே பலத்தோடு எதிர்ப்பக்கம் முறுக்கப் பார்க்கும். 5 மி.மீ. தகட்டில் பிராக்கெட் செய்து, மேலே டேஷ்போர்டின் குறுக்குச் சட்டத்திலும் கீழே ஃபயர்வாலிலும் என இரண்டு தளத்தில், 8.8 தர எம்8 போல்ட் நான்கைக் கொண்டு, 25 நியூட்டன் மீட்டர் அளவில் முறுக்குங்கள். யு.ஜே.யின் பிஞ்ச் போல்ட், ராடில் வெட்டியிருக்கும் பள்ளத்தின் குறுக்கே போயிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஒவ்வொரு முறையும் புது நைலாக் நட்.

யூனிட்டோடு வரும் பூட்டு வளையம் சாவி இல்லாமல் ராடைப் பூட்டிவிடும். அதன் ஆணியை முழுவதும் எடுத்துவிடுங்கள். விபத்தில் ராடு உள்ளே மடங்குவதற்கென்று செய்த பகுதியில் வெல்டிங் வைத்து இறுக்காதீர்கள், அது உங்கள் நெஞ்சைக் காப்பதற்கு இருப்பது. ஹார்னுக்குப் போகும் சுருள் ஒயர் டப்பாவையும் பாருங்கள். கார்களில் அது நடுவிலிருந்து இரு பக்கமும் சுமார் இரண்டரைச் சுற்றுக்குத்தான் செய்யப்பட்டது. உங்கள் பாக்ஸ் மொத்தத்தில் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். அதற்கு மேல் போனால் ஒயர் அறுந்துவிடும். பழைய ஹார்ன் ஸ்லிப் ரிங்கை வைத்துக்கொள்வது உத்தமம்.

கேள்வி: மாட்டியாயிற்று. திருப்பும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குகிறது, சில நேரம் உதவி நின்று, கொஞ்ச நேரத்தில் மறுபடி வருகிறது. – ஜீவன்பீமா நகர் வாசகர்

பதில்: வயரைப் பாருங்கள். நின்ற இடத்தில் முழுத் திருப்பத்தில் இந்த மோட்டார் 40 முதல் 60 ஆம்பியர் வரை குடிக்கும். போகவர மொத்தம் 4 மீட்டர் வயர் என்று வையுங்கள். 50 ஆம்பியரில் 2.5 சதுர மி.மீ. வயரில் 1.4 வோல்ட் வழியிலேயே தொலையும், 6 சதுர மி.மீ.யில் 0.6 வோல்ட், 16 சதுர மி.மீ.யில் வெறும் 0.2 வோல்ட். கடையில் கொடுத்த ஹார்ன் வயரை வைத்து ஓட்டினால் கண்ட்ரோல் யூனிட் வோல்டேஜ் போதாமல் தற்காப்பாக அணைந்துகொள்கிறது. 16 சதுர மி.மீ. வயரை பேட்டரியிலிருந்து நேராக இழுங்கள். பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 60 ஆம்பியர் போல்ட் வகை பியூஸ் ஹோல்டர். எர்த்தை டேஷ்போர்டு ஸ்குரூவில் மாட்டாமல் பேட்டரி மைனஸுக்கே கொண்டுபோங்கள். பிறகு ஒருவர் திருப்ப, கண்ட்ரோல் யூனிட்டின் பிளக்கில் மீட்டர் வைத்துப் படியுங்கள். 11 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது.

வயர் சரியாக இருந்தும் மங்கினால் ஆல்டர்னேட்டர். ஐடிலிங்கில் அது தன் முழு ஆம்பியரில் பாதிகூடக் கொடுக்காது, ஹெட்லைட் இரண்டும் மட்டுமே சுமார் 10 ஆம்பியர். மீதியை பேட்டரிதான் ஈடுகட்டுகிறது, அதனால் பழைய பேட்டரியோடு இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள். இன்னொரு சாத்தியம்: நின்ற இடத்திலேயே பலமுறை கோடிவரை திருப்பி அங்கேயே பிடித்திருந்தால் மோட்டார் சூடாகும், கண்ட்ரோல் யூனிட் உதவியைக் குறைக்கும், ஆறியதும் திரும்ப வரும். அது கோளாறு அல்ல. முழுக் கோடியில் பிடித்து நிற்காதீர்கள்.

கேள்வி: என்னுடையது டீசல் மஹிந்திரா எம்எம்540. கேபிள் ஸ்பீடாமீட்டர், டாக்கோமீட்டர் கிடையாது. யூனிட்டுக்கு சிக்னல் எங்கிருந்து? – யலஹங்கா வாசகர்

பதில்: எஞ்சின் துடிப்புக்கு ஆல்டர்னேட்டரின் 'டபிள்யூ' முனை. பெட்ரோல் கார்புரேட்டர் வண்டியென்றால் இக்னிஷன் காயிலின் மைனஸ், ஆனால் அங்கே சில நூறு வோல்ட் துள்ளல் வரும். நேரடியாக இணைத்தால் கண்ட்ரோல் யூனிட் காலி. இடையில் சிக்னல் சீராக்கும் சர்க்யூட் வேண்டும்.

வேகத்துக்கு, ஸ்பீடாமீட்டர் கேபிளின் நடுவில் மாட்டும் பல்ஸ் சென்சார். ஜப்பானியத் தரக் கேபிள் கிலோமீட்டருக்கு 637 சுற்று. சுற்றுக்கு 4 துடிப்பு சென்சார் போட்டால் கிலோமீட்டருக்கு 2,548, அதாவது 60 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 42 துடிப்பு. ஜீப்பின் கேபிள் கணக்கு வேறாக இருக்கலாம், ஒரு கிலோமீட்டர் ஓட்டி கேபிள் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணிவிட்டு வாங்குங்கள்.

நாப் வைத்த 'உதவிப் பெட்டி'கள் விற்கிறார்களே என்று கேட்பீர்கள். அவை பொய்யான வேகத்தைச் சொல்லி உதவியைக் கூட்டிக் குறைக்கின்றன. பேஸ்மென்ட்டில் முழு உதவி வைத்து, மறந்துபோய் அப்படியே துமகூரு ரோட்டில் 80-ல் போனால், தும்மினாலே லேன் மாறும். உண்மையான வேக சிக்னல்தான் எங்கள் சிபாரிசு. பெட்டிதான் என்றால் நாப்பைக் கைக்கு எட்டாத இடத்தில், ஓட்டிப் பார்த்து நிறுத்திய அளவில் பூட்டிவிடுங்கள்.

கேள்வி: திருப்பிவிட்டுக் கையை விட்டால் நடுவுக்கு வரவே மாட்டேன் என்கிறது. – பானஸ்வாடி வாசகர்

பதில்: மோட்டாரும் வார்ம் கியரும் சேர்த்த உராய்வைத் தாண்டித்தான் இப்போது சக்கரம் திரும்பி வர வேண்டும், அதனால் முன்பைவிடக் கொஞ்சம் சோம்பல் இருக்கும். வரவே இல்லையென்றால் காஸ்டர் கோணத்தை (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) அளக்கச் சொல்லுங்கள். ஜிப்ஸியில் உயரத்துக்காக நீளமான ஷேக்கிள் (ஸ்பிரிங்கைச் சேசிஸோடு இணைக்கும் கண்ணி) போட்டவர்களுக்கு ஆக்சில் முன்னோக்கிச் சாய்ந்து காஸ்டர் குறைந்திருக்கும். ஆக்சிலுக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும் இடையே சாய்வு ஆப்பு வைத்துச் சரிக்கட்டலாம். இறுக்கமான கிங் பின்னும் இதே குணத்தைக் காட்டும்.

ஆனால் வண்டி ஒரு பக்கமாகத் தானே திரும்பினால் அது வேறு விஷயம். முன்சக்கரத்தைத் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டு, கையை எடுங்கள். வீல் ஒரு பக்கம் ஊர்ந்தால் சென்சாரின் பூஜ்யநிலை தவறிவிட்டது. பியூஸைப் பிடுங்கிவிட்டுத்தான் அந்த வண்டியை நகர்த்த வேண்டும். தூக்கிய நிலையில் ஊராமல் ரோட்டில் மட்டும் இழுத்தால் அலைன்மென்ட்.

கேள்வி: மேலே துணி மூடி போட்ட திறந்த ஜீப். மழை, ஆற்றுத் தண்ணீர் என்றால் யூனிட் தாங்குமா? – ஹெப்பால் வாசகர்

பதில்: ஆறு பயமில்லை, யூனிட் டேஷ்போர்டு உயரத்தில் இருக்கிறது. மழைதான் ஆபத்து. மூடிய காருக்குள் வாழ்வதற்குச் செய்த பொருள் இது. கண்ட்ரோல் யூனிட்டைப் பிளக் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டி, வயரில் சொட்டு நீர் வழிந்து விழ ஒரு வளைவு விட்டு, மேலே ரப்பர் மூடி கொடுங்கள். வாட்டர் சர்வீஸ் பையன் டேஷ்போர்டுக்குள் பிரஷர் பைப்பைத் திருப்பாமல் பக்கத்திலேயே நில்லுங்கள்.

கேள்வி: 33 இஞ்ச் டயர், பாறை ஏற்றம். எலெக்ட்ரிக்கா ஹைட்ராலிக்கா? – ராமநகர வாசகர்

பதில்: ஹைட்ராலிக். சின்னக் காரின் மோட்டார் பாறை இடுக்கில் மாட்டிய அந்த டயரைத் திருப்பாது, பழைய பாக்ஸும் அந்த முறுக்கைத் தாங்காது. பொலேரோவின் பவர் பாக்ஸும் பம்ப்பும் மஹிந்திரா ஜீப்புகளில் பலரும் செய்து பார்த்த மாற்றம். பம்ப்புக்குப் பிராக்கெட், புல்லி நேர்கோடு, பாக்ஸ் மாட்டும் இடத்தில் சேசிஸுக்குத் தகடு பலம் – இந்த மூன்றிலும்தான் அங்கே தவறு நடக்கிறது.

கேள்வி: ஆர்.டி.ஓ. பிடிப்பாரா? தோள்பட்டை ஆபரேஷனுக்குப் பின் இது இல்லாமல் என்னால் ஓட்ட முடியாது. – கோரமங்களா வாசகர்

பதில்: வேலையைத் தொடங்குமுன் உங்கள் பதிவு அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் சொன்ன விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அனுமதிக்கப்படாத மாற்றத்துக்கு 182ஏ(4)-ன்கீழ் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதே 52-ஆம் பிரிவில், உடல் குறைபாடு உள்ளவர்களுக்காக வண்டியைத் தகவமைக்கப் பதிவு அதிகாரியின் ஒப்புதலோடு இடம் இருக்கிறது. உங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவச் சான்றோடு போய்க் கேளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்து பதிலை வாங்கி வையுங்கள். விபத்துக்குப் பின் சர்வேயர் முதலில் பார்ப்பது ஸ்டீயரிங்கைத்தான்.

கேள்வி: ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டிக்கும் இதே யூனிட் போதுமா? – கே.ஆர்.புரம் வாசகர்

பதில்: முதலில் பேட்டரி முனைகளில் மீட்டர் வையுங்கள். ராணுவ வண்டிகளில் 24 வோல்ட் வயரிங் உண்டு. அதில் கார் யூனிட்டை இணைத்தால் திருப்பிப் பார்க்கும் முன்பே கண்ட்ரோல் யூனிட் கருகும். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கும் குறுக்கு வழியும் ஆகாது. ஒன்று வற்றும், மற்றது கொதிக்கும். 60 ஆம்பியர் தாங்கும் 24-க்கு 12 கன்வெர்ட்டர், இல்லையேல் முழு வண்டியையும் 12 வோல்ட்டுக்கு மாற்றுவது. ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், பல்புகள் எல்லாம் மாற வேண்டியிருப்பதால், கன்வெர்ட்டரின் விலையை முதலில் எஸ்.பி. ரோட்டில் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.